காய்ச்சல் வராத மனுசன்

வத்தலக்குண்டிலிருந்து பண்ணைக்காட்டுக்கு ஏறும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு நடுவயதுப் பெண்ணும் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் கணவனின் ஸ்கேனை மதுரையில் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறாள். இளையவள் அண்ணனைப் பார்க்க வழியில் சேர்ந்துகொண்டவள்.

"உங்கண்ணன் மூளைய அவரு உடம்போட எதிர்ப்புச் சக்தியே திங்குதாம், செல்வி."

"என்ன மதினி சொல்றீங்க? அண்ணன் காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லையே."

"அதத்தான் நானும் டாக்டர்ட்ட சொன்னேன். மூளைக்குள்ள ஏதோ கசடு சேருதாம். அதச் சுத்தம் பண்ணப் போற அணுவெல்லாம் வெறி புடிச்சாப்புல நல்லதையும் சேத்து அழிச்சிருதாம். இந்த மறதி நோய்க்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னாரு."

"அத அடக்க மருந்து இல்லையா?"

"தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. செல்வி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னயாவது அடையாளம் தெரியுமா அவருக்கு?"

"ஒன்னயத் தெரியும். சாயங்காலமானா, 'செல்வி இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலையே'ன்னு வாசல்ல போய் நிக்கிறாரு."

"ஒங்கள?"

"என்னய வாடி போடின்னே கூப்பிட்ட மனுசன். நேத்து காப்பி குடுத்தேன். எந்திரிச்சு நின்னு வாங்கிக்கிட்டு, 'நீங்க எந்த ஊருங்க?'ன்னாரு. பாச்சலூருன்னேன். 'அங்கதான் எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. நல்ல பிள்ளைதானா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க மதினி?"

பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப, மூத்தவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ளைதாங்க, தைரியமாக் கட்டிக்கங்கன்னேன்."