பதினொரு வருடம் பிந்தி வந்த ஹெட்செற்

ஊர்காவற்றுறைப் படகுத் தகவல் நிலையத்தின் குரலே! சரவணை ஊர் தந்த சாந்தமே! புயலிலும் பொறுமை பிசகாப் பண்பே! பெருமதிப்புக்குரிய சறோஜினிதேவி அக்கா அவர்களே, வணக்கம்!

இதற்கு மேல் நேரே விளித்துச் சொல்ல எங்களுக்கு முகமில்லை. ஆகவே சபைக்குச் சொல்கிறோம்; அக்கா கேட்டுக்கொண்டிருக்கட்டும். இம்மடலின் காரியம் ஒன்றே: இன்றாவது அவரை ஓய்வில் போகவிடுவது.

சபையோரே! நெடுந்தீவுக்குப் போட் ஓடுமோ, நயினாதீவுத் திருவிழாவுக்கு மேலதிகப் போட் உண்டோ, கடல் எப்போது அடங்கும் என்று இருபத்தேழு வருடமாகக் கேட்டவர் அத்தனை பேருக்கும், ரிசீவரை இடத் தோளில் இடுக்கி, தலையைச் சரித்து, வலக்கையால் பதிவேடு எழுதி, இடக்கையால் நேர அட்டவணை புரட்டி, இன்சொல்லன்றி வேறு சொல் அறியாது மறுமொழி தந்தவர் இவர். கடலைக் கிளப்பிவிட்டதே அக்காதான் என்பது போல ஏசியவர்களும் உண்டு. அவர்களுக்கும் "ஓம் ஐயா, விளங்குது" என்பார்.

கழுத்து நோவென்று பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஹெட்செற் கேட்டுக் கடிதம் எழுதினார். பிறகு வருடத்துக்கொன்றாக எழுதினார். அட, ஒரு சின்னச் சாமான்! அது வந்தது போன மாதம். வந்ததைக் கணினியில் செருகி, அக்காவின் தலையில் மாட்டி, ஒரு முழுக் காலை "ஹலோ, ஹலோ" என்று கத்தவைத்த கெட்டிக்காரர் நாங்கள். அழைத்தவர் குரலோ மேசையில் கிடந்த ரிசீவருக்குள்ளேயே கிடந்தது. பழைய தொலைபேசியில் யூ.எஸ்.பி. செருக இடமே இல்லையென்று பிறகுதான் கண்டோம். இடமுள்ள புதிய தொலைபேசி சென்ற திங்கட்கிழமை வந்தபோது, அக்காவுக்கு மீதியிருந்தது ஐந்து வேலைநாள்.

அன்று ஹெட்செற்றை மாட்டி, பொத்தானை அமத்தி, இரு கைகளும் சும்மா இருக்க முதல் அழைப்புக்கு மறுமொழி சொன்னார். தலை மட்டும் இடப்பக்கம் சரிந்தபடியே நின்றது.

"அக்கா, இப்ப கழுத்தை நிமித்துங்கோவன். தோளிலை ஒண்டும் இல்லையே," என்றார் எங்கள் அலுவலக எழுதுநர் கஜாலினி.

"நிமிராது பிள்ளை. இது இப்பிடியே நிண்டு பழகிட்டுது."

அதைக் கேட்ட பிறகும், வெட்கம் கெட்டுப் பொறுப்பதிகாரி கேட்டார்: "வசதி எல்லாம் வந்திட்டுதே அக்கா, இன்னுமொரு ஆறு மாதம் ஒப்பந்தத்திலை இருங்கோவன். உங்களை விட்டா ஆளில்லை." இதையே சொல்லிச் சொல்லித்தான் அவருடைய விடுமுறைகளையும் விழுங்கியிருந்தோம்.

அக்கா ஹெட்செற்றைக் கழற்றினார். வயரைச் சுற்றி மேசையில் வைத்தார்.

"ஏலாது தம்பி. நான் களைச்சுப்போனன்."

இருபத்தேழு வருடத்தில் அவர் எங்களுக்குச் சொன்ன முதல் 'ஏலாது' அது.

ஆகவே, நோயற்று நூறாண்டு வாழ்கவென வாழ்த்துமுன் ஒரு வாக்குறுதி: நாளை காலை அது எங்கே, இது எப்படி என்று கேட்டு எவரும் அக்காவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கமாட்டோம். வாக்கை மீறி எடுத்தால், அக்கா, மறுமொழி சொல்லாதேங்கோ. அது அடித்து ஓயட்டும். நீங்கள் நித்திரை கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கஜாலினி, சில்வெஸ்ரர், அலுவலகத்தார் அனைவரும்.

மடலை எழுதியவர்: சசிகரன், பொறுப்பதிகாரி. அக்காவின் பதினொரு கடிதங்களும் போன மாதம்வரை மேலிடத்துக்குப் போகாமல் என் அலுமாரியிலேயே இருந்தன.