எட்டில் இருவர் விலகலாம்

பொட்டலத்தின் முன்பக்கத்தை நான் படிப்பதே இல்லை. பல்லைக் காட்டிச் சிரிக்கும் நாய், பச்சைப்பசேல் என்று ஒரு வயல், 'அசல் கோழி' என்று கொட்டை எழுத்து. அதெல்லாம் விற்கிறவன் பாடு. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதுதான் என் வேலை. உங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருப்பதாக வாசலில் நிற்கிற காவலர் சொன்னார் ஐயா. அதனால் இதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம். கோழி முதலில் இருந்தால் எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிடுகிறது. ஆனால் எடை போட்டது வேகவைப்பதற்கு முன்னால். பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு பார்த்தால் கோழி ஐந்தாம் இடத்தில் பம்மிக்கொண்டு நிற்கும். அடுத்து பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணி நார் என்று மூன்று வரி வரும். மூன்றும் ஒரே பட்டாணிதான். சேர்த்து எழுதினால் கோழியை முந்திவிடும் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். புரதம் இருபத்தெட்டு சதவீதம் என்று இருக்கும். உண்மையில் நாங்கள் அளப்பது புரதத்தை இல்லை, அதிலுள்ள நைட்ரஜனை. கோழி இறகை அரைத்துப் போட்டாலும் நைட்ரஜன் வரும், பழைய செருப்பை அரைத்துப் போட்டாலும் வரும்.

இந்தத் தில்லுமுல்லுகளைப் பிடிப்பதுதான் பதினெட்டு வருடமாக என் தொழில். ஆலையில் எனக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை வாசலைத் தாண்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

'முழுமையான சரிவிகித உணவு' என்று அச்சடிக்க வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் அளந்தால் மட்டும் போதாது, தின்னக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் விதி மிகவும் எளிமையானது. எட்டு நாய்கள். எல்லாம் ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். இருபத்தாறு வாரத்துக்கு அந்த உணவும் தண்ணீரும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. எட்டில் இரண்டு இடையில் விலகலாம், காரணம் உணவாக இல்லாத வரை. மற்ற ஆறும் கடைசி நாள் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். யாரும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் எடை இழக்கக் கூடாது. கடைசியில் ரத்தத்தில் நான்கே நான்கு அளவுகள் பார்ப்போம். நான்கும் சரியென்றால் உணவு தேறிவிட்டது.

போன வருடம் எங்கள் நாய்க்கூடத்தை மூடிவிட்டார்கள். வாயில்லா ஜீவனைச் சோதனைக்கு வைக்காதே என்று பிராணிகள் நலச் சங்கத்தார் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அவர்களுடைய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரமே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "புது உணவு ஆறு மாசத்துல கடைக்குப் போயாகணும். தின்னு பார்த்த அறிக்கை என் மேஜைக்கு வரணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். வெளியே வந்தால், வேலை போன நாய்க்கூடக்காரர் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "இதுக்கா சார் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? பழைய ரிப்போர்ட்ல தேதிய மாத்துங்க. யாரு பாக்கப் போறா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருப்பேன். தின்னு பார்க்காத ஒன்றை லட்சக்கணக்கான நாய்களுக்குப் போடலாம் என்று கையெழுத்துப் போட மனுஷனாய்ப் பிறந்த எவனுக்காவது மனசு வருமா? எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தலைகளை எண்ணினேன். என் மனைவி, மாமனார், மாமியார், மச்சான், என் அண்ணன், அண்ணி, அண்ணனின் இரட்டைப் பையன்கள். மிகச் சரியாக எட்டு. எல்லாரும் ஒரு வயதைத் தாண்டியவர்கள். ஒன்பதாவது நான். ஆனால் சோதிக்கிறவன் சோதனையில் சேரக் கூடாது, முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இருபத்தாறு வாரமும் நான் ஆலைக் கேன்டீனில் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள், நான் பட்ட கஷ்டம் புரியும்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆலையின் புதுத் தயாரிப்பு, இன்னும் கடைக்கு வரவில்லை, முழுமையான சரிவிகித உணவு, வேறு எதையும் தொட்டால் பலன் கிடைக்காது என்றேன். எல்லாமே உண்மை. உருண்டைகளை நானே நைஸாக அரைத்து மாவாக்கி டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்தேன். புரதம் என்று காதில் விழுந்ததுமே, உடற்பயிற்சிக் கூடமே கதி என்று கிடக்கிற இரட்டையர்கள் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். எடை குறையும் என்றதும் அண்ணி, இனி இந்த வீட்டில் வேறு எதுவும் அடுப்பேறாது என்று ஒற்றைக் காலில் நின்றார். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க கொண்டாந்தா பாத்துத்தானே கொண்டாந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள்.

மச்சான் மட்டும் முதல் நாளிலிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இது ஈரக் கோணி மாதிரி நாறுது" என்பான். மூன்றாவது வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். 'முதல் விலகல். காரணம்: குணம்' என்று எழுதிக்கொண்டேன். நாய்களிலும் இப்படி ஒன்று இருக்கும்.

மற்றவர்கள் பிரமாதமாக ஒத்துழைத்தார்கள். ஞாயிறுதோறும் எடை பார்த்தேன். அண்ணிக்கு நான்கு கிலோ குறைந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தெரு நாய்கள் மட்டும் எங்கள் குடும்பத்தின் மேல் திடீர்ப் பாசம் காட்டத் தொடங்கின. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் இரட்டையர்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வரும். "நல்லவங்கள நாய்க்குத் தெரியும்டா" என்று அண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பத்தாவது வாரம் எல்லாருக்கும் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தார்கள், கழிவறை வாசலில் வரிசையில் நின்றார்கள். வாந்தியும் வந்தது. அண்ணி அதற்கு விளக்கமே வைத்திருந்தார்: "உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய போகுது. இது நல்ல அறிகுறி." அதை நான் சொல்லவில்லை ஐயா, குறித்துக்கொள்ளுங்கள். நான் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். கோடைக்காலம். தாகம் எடுக்கத்தானே செய்யும்?

பதினான்காவது வாரம் மாமனார் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார். சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது என்றார்கள். எழுபத்தொன்பது வயது மனிதர், தங்கமானவர், பெண் கொடுத்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பார்த்தவர்கள் சொல்வார்கள். பிறகு 'இரண்டாவது விலகல். காரணம்: வயது' என்று எழுதினேன்.

மீதி ஆறு பேர். இனிமேல் ஒருவர் விலகினாலும் இத்தனை வாரம் பட்ட பாடெல்லாம் பாழ். மாமனாரின் சாவும் வீணாகிவிடும். இதை நினைத்தால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி படுத்துவிட்டாள். இருபத்திரண்டாவது வாரம் அது. அப்பாவை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் தினமும் அவளை எடை போட்டேன். பதினொன்று சதவீதம். பன்னிரண்டு. பன்னிரண்டரை. முகம் சுருங்கி, கண் உள்ளே போய், விளக்கைப் போட்டால் கூசுகிறது என்று ஜன்னலையும் சாத்தச் சொல்வாள்.

ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடமாகச் சொன்னேன். கோழி, பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணி நார், கோழிக் கொழுப்பு, மீன் தூள், தாது உப்புகள், வைட்டமின் கலவை. "எல்லாம் நல்லதாத்தான் இருக்கு" என்றாள். யாருக்கான உணவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னொரு நாள், "ஒரே ஒரு துண்டு ரொட்டி குடுங்களேன். நாக்கு செத்துப் போச்சு" என்றாள். எடுத்துவரலாம் என்று எழுந்தும்விட்டேன். ஆனால் ரொட்டி வேற்று உணவு. விதியில் இடமில்லை. கிண்ணத்தை எடுத்துவந்து நானே ஊட்டினேன். அதன் பிறகு மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். அரைமணி நேரம், முக்கால் மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக, வாயைத் துடைத்துவிட்டு, முதுகைத் தடவிவிட்டு. வாந்தியெடுத்தால் கழுவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. மாமியார் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "என் பொண்ணு குடுத்து வெச்சவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடக் குடித்தனத்தில் அவளை நான் அப்படிக் கவனித்ததே இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தார். "என்னடா இது, எலும்பும் தோலுமா ஆயிட்டா? டாக்டர்கிட்டக் காட்டுறியா இல்லையா?"

"காட்டுறேண்ணே. நாள் குறிச்சிருக்கேன்" என்றேன்.

அதுவும் உண்மைதான். நூற்று எண்பத்து மூன்றாம் நாளுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவைத்திருந்தேன். அப்போது பன்னிரண்டு நாள்தான் பாக்கி. டாக்டரிடம் போனால் உடனே வேறு உணவு கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள். அவள் மூன்றாவது விலகலாகிவிடுவாள். காரணத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி வரும். பன்னிரண்டு நாள் ஒரு பெரிய விஷயமா? அவளிடம்கூடச் சொன்னேன்: "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. முடியப் போகுது." அவள் தலையாட்டினாள். எதற்கு என்று புரிந்துதான் ஆட்டினாளா, தெரியவில்லை.

நூற்று எண்பத்திரண்டாம் நாள் காலையில் ஆறு பேரின் ரத்தத்தையும் எடுத்து நானே பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். நான்கு அளவுகளும் ஆறு பேருக்கும் எல்லைக்குள் இருந்தன. சாயங்காலம் அவளைத் தூக்கி எடைப் பலகையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு புள்ளி ஆறு. பதினைந்துக்குள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் பொழுது விடிந்ததும் சொன்ன வாக்குத் தவறாமல் கூட்டிப்போனேன். அந்த இளம் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன சார் நீங்க? ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தாறுமாறாக ஏறியிருக்கிறதாம். வைட்டமின் டி எக்கச்சக்கமாக உள்ளே போனால் அப்படி ஆகுமாம். நீங்கள் டப்பாவை எடுத்துச் சோதித்ததிலும் அதுதான் பல மடங்கு இருந்தது என்றீர்கள். வைட்டமின் கலவை அனுப்பியவன் தப்புப் பண்ணியிருக்கிறான். அதை அளக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவி கிடையாது. அளக்க முடியாததற்கு நேராக 'சரி' என்று எழுதுவது எங்கள் வழக்கம். சுண்ணாம்புச் சத்தோ அந்த நான்கு அளவுகளில் ஒன்று இல்லை. இதில் நான் எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அவள் நூற்று எண்பத்தைந்தாம் நாள் போனாள். அண்ணனும் மாமியாரும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். கேட்டு வருத்தமாக இருந்தது. கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம், மாமனாரையும் மனைவியையும் நான் கொடுத்த உணவுதான் கொன்றது. அவளைப் பொறுத்தவரை, கொல்கிறது என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தும் ஊட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு விலகியவர்கள் பட்டியலில் உங்கள் ஆள் யாரோ சேர்த்திருக்கிறார். அதைத் திருத்திவிடுங்கள் ஐயா. என் மனைவி கடைசி நாள் வரைக்கும் முழுசாகச் சாப்பிட்டு முடித்தவள்.