நோயில்லாத கொடிக்கால்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் விருந்தாளிக்கு டீ வாங்கவே மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் விசாரணை அலுவலகத்தில் என்னைப் போன்றவனுக்குக்கூட உடனே வருகிறது. அரசுப் பணம் என்றாலே தாமதம் என்று நான் சொல்லித் திரிந்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெற்றிலைக் கொடியை வேரோடு அழுகவைக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அதைத் தின்று தீர்க்கும் நல்ல பூஞ்சை ஒன்றை நான் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தேன். கரைத்து வேரில் ஊற்றினால் போதும். பெற்ற பிள்ளையைவிட அதன்மேல்தான் எனக்குப் பாசம் அதிகம். என் மனைவி தீபாவைக் கேளுங்கள், அவளும் இதையே சொல்வாள், கொஞ்சம் வேறு குரலில்.

தோட்டத்தில் சோதித்துப் பார்க்க அரசிடம் நிதி கேட்டேன். உங்கள் பக்கம் அந்த நோயே இல்லையே, வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. தனியார் மருந்துக் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். ஏசி அறையில் உட்காரவைத்து, முந்திரி கொடுத்து, நோய் இல்லாத ஊரில் மருந்தை யாருக்கு விற்பது என்று கேட்டார்கள். அறிவியலுக்குப் பொதுப் பணம் நல்லதா தனியார் பணம் நல்லதா என்று மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். என்னிடம் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்.

நியாயமான கேள்வி. அதனால் நோய்க்கு ஏற்பாடு செய்தேன்.

சித்தையன்கோட்டைப் பக்கம் மைதீன் பிச்சை என்பவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அகத்தி நிழலில் மத்தியானம்கூட சில்லென்று இருக்கும். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள், கால் கழுவிவிட்டுத்தான் நுழைவார்கள். வெளி மண் உள்ளே வராமல் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது. மழை பெய்த மறுநாள், கொடிகளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிப் போனேன். பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன், தடுப்பார் என்று தெரிந்து மெதுவாகத்தான் குனிந்தேன்.

"சார், நீங்க கழட்ட வேணாம். வைத்தியம் பாக்க வாரவுகளுக்கு எதுக்கு இம்புட்டுக் கட்டுப்பாடு?" என்றார் மைதீன் பிச்சை.

ஆய்வகத்து நோய் மண்ணைப் பூட்ஸின் அடியில் அப்பிக்கொண்டு போயிருந்தேன். எல்லா வரிசையிலும் நிதானமாக நடந்தேன். மரியாதை தெரிந்த மனிதர், மிச்சத் தூறலுக்குக் கூடவே குடை பிடித்து வந்தார்.

கொடிகள் வாடத் தொடங்கியதும் அரசு நிதியும் வந்தது, கம்பெனி நிதியும் வந்தது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கொடுத்தார்கள். என் மருந்தும் அருமையாக வேலை செய்தது. சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மருந்துதான் காப்பாற்றியது என்று நிரூபிக்க, மருந்து போடாத பாதி ஒன்று வேண்டும். இரண்டு நிதியிலும் அது நிபந்தனை. கொடிக்காலின் மேற்குப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினேன். "இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊத்துங்க சார், கண்ணு முன்னாடி சாகுதே" என்று மைதீன் பிச்சையின் மனைவி ஜெய்தூன் பீவி போகும்போதெல்லாம் கேட்பார். வாளியில் மருந்து மிச்சமிருக்கும். அதை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்பேன். மேற்குப் பக்கம் முழுக்கக் கருகியது. அவர்கள் மகள் ரிஃபாத் காலேஜை நிறுத்திவிட்டு மில் வேலைக்கு வேனில் ஏறினாள். கெட்டிக்காரப் பெண். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

என் உதவி ஆய்வாளர் அறிவுச்செல்வி, தோட்டத்து நோய்ப் பூஞ்சையையும் என் குளிர்பெட்டியில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று உங்களுக்குப் புகார் கொடுத்துவிட்டாள். நான் பழக்கிய பெண், வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

மைதீன் பிச்சை மட்டும் நம்பவில்லை. நேற்று வீடு தேடி வந்து, மிஞ்சிய கொடியில் கிள்ளிய வெற்றிலையை என் கையில் வைத்தார். "யாரு என்ன சொன்னாலும் சரி சார். நீங்க வரலைன்னா அம்புட்டும் போயிருக்கும்" என்றார்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆமாம், நோயைக் கொண்டுபோனது நான்தான். ஆனால் அந்த மனிதருக்குப் பாதித் தோட்டத்தையாவது காப்பாற்றிக் கொடுத்த வேறொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.