அப்பளப் பெட்டியில் எலுமிச்சம்பழம்

ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்டாட்டியும். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மொதமொத நம்ம அப்பளம் கப்பலேறுது. கண்ணு படக் கூடாதுன்னு பெட்டிக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் வச்சு விட்டேன்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அடியே, உள்ள ஒத்தப் பழம் இருந்தாலும் சரக்கு போற நாட்டுல மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருவாய்ங்க. ஏத்துமதி ஏஜென்ட் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"என்கிட்ட யாரு சொன்னா? லாரி இப்ப எங்க நிக்கிது?"

"தூத்துக்குடி ஹார்பர்ல. இன்னும் கன்டெய்னர்ல ஏத்தல."

"அப்பறம் என்ன? போனக் குடுங்க." அவளே பேசினாள். "டிரைவர் அண்ணே, மஞ்சப் பொட்டு வச்ச பெட்டி ஒன்னு இருக்கும். அதப் பிரிச்சு பழத்த எடுத்துருங்க."

டிரைவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "எல்லாப் பெட்டியிலயும் பொட்டு இருக்கே தங்கச்சி!"

"நம்மகிட்ட அப்பளம் போடுற பொம்பளைகதேன்" என்றாள் புருசனிடம். "நான் வச்சதப் பாத்து ஆளாளுக்கு வச்சிருக்காளுக."

"பழமும் வச்சிருப்பாளுகளோ?"

அவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள். "அண்ணே, சரக்க ஏத்த விடாதீக. நாங்க வாரோம்."

மாட்டுத்தாவணியில் இறங்கியதும் தூத்துக்குடி பஸ்ஸைப் பார்த்து அவள்தான் முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

"அம்புட்டுப் பெட்டியையும் பிரிக்கணுமாடி?"

"பிரிப்போம். பழத்த எடுத்துருவோம். பொட்டு இருக்கட்டும், அது கப்பலேறட்டும்."