இடது பட்டன்

"அந்த இடது பட்டன் மேல இருக்கிற டேப்பை எடுத்துடுங்க சார்." நான் கேட்டது இவ்வளவுதான். கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "எத்தையும் கேட்டுகினு நிக்காதடி. இங்கிலீஷ் எழுதினமா, வூட்டுக்கு வந்தமான்னு இரு."

திருமுடிவாக்கத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி. அம்மா ஷெட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினாள். வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு ஏசி ரூமில் இங்கிலீஷ் எழுதும் வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும், கை நசுங்காது. வேகம் வேண்டுமென்று இடது பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள். அந்தக் கை தகடு தள்ளும்.

முதலாளி மகன் குமரவேல் சார் டேப்பை எடுக்கவில்லை. என் எச்சரிக்கைப் பலகையைத் திருத்தினார். அச்சிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கு என்பதற்கு இரண்டு 'ஃப்ரம்' போட்டிருந்தேன்.

"இன்னா ஜோதி, ஒரு ஃப்ரம் ரெண்டுக்கும் பத்தாதா?"

"ஆளுக்கொண்ணு குடுத்தாலும் தப்பில்ல சார். வாக்கியம் நேரா நிக்கும்."

"பட்டனும் ரெண்டு, ஃப்ரமும் ரெண்டு. ஆசை பெருசுதான் உனக்கு."

ஆபீசே சிரித்தது. அடுத்த வாரம் அம்மாவின் இடது கையில் இரண்டு விரல் போயின. கவனக்குறைவாம்.

பிறகு வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. டேப்பெல்லாம் உரிந்தது. சார் பேசவேண்டியதை நான்தான் எழுதினேன். இடது கையை அச்சுக்கு அடியில் வைத்து, வலது பட்டனை மட்டும் அழுத்தி, "பாருங்கள், இறங்காது" என்று சொல்லும் இடம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அந்த இங்கிலீஷ் வாக்கியத்தில் நான் போட்ட இரண்டு 'வித்'தில் ஒன்றை மட்டும் அடித்தார்.

அவர்கள் வந்த அன்று டீ நேரத்தில் ஷெட்டில் யாருமில்லை. அம்மா ஓட்டிய மெஷினின் இடது பட்டனை அமுக்கி, பச்சைப் பட்டனுக்குப் பச்சை டேப்பாகப் பார்த்து ஒட்டினேன்.

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அம்மாவின் மெஷினில் இப்போது நிற்பவள் அருள்மேரி அக்கா. அவளைத்தான் பிடித்தார்கள். "மாதா சத்தியமா நான் ஒட்டலண்ணா" என்று அழுதாள். எங்கள் கம்பெனியில் மெஷினில் நிற்பவள் மேல்தான் பழி விழும். அந்த வழக்கத்தை உண்டாக்கியது நானில்லை. நான் போராடியதே அவளைப் போன்றவர்களுக்காகத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். வாய் திறப்பதில்லை என்று டேப்பைக் கிழிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.