பதினோரு பொட்டு

இந்த ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம். எங்கேயாவது ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கல்லூரி நூலகத்தின் படிக்கட்டில் கவிதை வாசிப்பார்கள். சைக்கிள் கடை மாடியில் ஓவியக் கண்காட்சி வைப்பார்கள். தபால் ஆபீஸ் பக்கத்துக் கூடத்தில் நான்கு பேர் வயலின் வாசிப்பார்கள், அதில் இரண்டு பேராவது ஒரே பாட்டை வாசிப்பார்கள். ஒன்பது வருஷத்தில் நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. தனியாள். எனக்கும் பொழுது போகவேண்டும் இல்லையா.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். பேனாவும் கொடுத்தீர்கள். நிதானமாக எழுதுகிறேன்.

கல்லூரி அரங்கத்துக்குப் பொறுப்பாளன் நான். நாற்காலி போடுவது, மேடையைத் துடைப்பது, விளக்கு போடுவது எல்லாம் ஒரே ஆள். என் சொந்த ஊர் இங்கிருந்து இரண்டு நாள் ரயில். பத்தாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தை விளக்கு அறையில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். அதனால் இந்த ஊரின் கலையை ஓரத்திலிருந்து பார்க்கும் வசதி எனக்கு இருந்தது.

இங்கே பார்க்கிறவர் என்று தனியாக யாரும் கிடையாது. இன்று மேடையில் நிற்கிறவர் நாளைக்கு முன்வரிசையில் இருப்பார். இன்று அவருக்குக் கை தட்டினால் நாளைக்கு அவர் உங்களுக்குத் தட்டுவார். நிலவியல் பேராசிரியரின் மனைவி மண் ஜாடி செய்வார். தண்ணீர் ஊற்றினால் ஒழுகும். ஒழுகுவதுதான் அதன் அழகு என்று ஒருவர் எழுந்து பேசினார், எல்லாரும் தலையாட்டினார்கள். "நல்லா இருக்கு" என்பது இந்த ஊரில் ஒரு கருத்து இல்லை. தும்மினால் சொல்வது மாதிரி.

இந்த வருஷ நாடகத்தை எழுதி இயக்கியவர் தத்துவத்துறைப் புரொஃபசர். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளாத ஒரு வீட்டைப் பற்றியது. அப்பாவாக நடித்தவர் பல் டாக்டர். கிளினிக்கில் வாயைத் திறந்து வைத்திருக்கிற ஆட்களிடம் தனியாகப் பேசியே பழகியவர். மேடையிலும் அப்படித்தான், எதிராளி பதில் சொல்வார் என்கிற எதிர்பார்ப்பே அவர் முகத்தில் இருக்காது. இடைவேளையில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பிஸ்கட் தின்றுகொண்டே பாராட்டுவார்கள். அதில் ஏழு பேர் அவருடைய நோயாளிகள்.

இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் நடுவே இருபது விநாடி முழு இருட்டு. மேடையின் நடுவில் ஒரு குழி உண்டு. மூன்றடிக்கு இரண்டரை அடி, ஆழம் பத்தடி. அதன் மேல் நகரும் பலகை. ஓரத்தில் என் இடத்தில் இருக்கும் கயிற்றை இழுத்தால் பலகை சத்தமில்லாமல் விலகும். அதன் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதும் நான்தான். இருட்டு முடிகிறபோது குழிக்குள்ளிருந்து வெளிச்சம் மேலே வரவேண்டும் என்றார் புரொஃபசர். என்ன அர்த்தம் என்று கேட்டேன். உள்மனசு என்றார். சரி என்று கீழே ஓர் இரும்புத் தாங்கியில் விளக்கை வைத்தேன்.

அந்த இருபது விநாடிக்குள் பல் டாக்டரும் மகளாக நடித்த பெண்ணும் மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவேண்டும். குழி அப்போது திறந்திருக்கும். அதற்குத்தான் பொட்டு. இருட்டில் மின்னும் டேப்பை நகம் அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டுவேன். பதினொன்று. குழிக்குப் பின்னால் சுற்றி வளைந்து போகும். தரை துடைத்தால் உரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒட்டவேண்டும். ஒத்திகையின் முதல் நாள் நான் எல்லாரையும் நிற்க வைத்து ஒன்றே ஒன்று சொன்னேன். இருட்டில் கண்ணை நம்பாதீர்கள், பொட்டை நம்புங்கள், பொட்டு போகிற வழியில் போங்கள். பல் டாக்டர் கொட்டாவி விட்டார். அந்தப் பெண் மட்டும் குனிந்து ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்ணினாள்.

அவள் கல்லூரி நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறவள். இருபத்து மூன்று வயது. அப்பா இல்லை, அம்மா மட்டும். இந்த ஊரில் நடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இதை நான் சொல்வதால் நீங்கள் நம்பலாம், நான் யாரையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. தலைநகரத்து நாடகப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நாடகம் முடிந்து பதினோராம் நாள் கிளம்புவதாக இருந்தாள். பெட்டி கூட வாங்கிவிட்டார்கள். கடிதம் வந்த அன்று அவள் முதலில் ஓடி வந்தது விளக்கு அறைக்கு.

"அண்ணே, எடுத்துட்டாங்க. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல."

ஒத்திகை முடிந்ததும் அவள்தான் வந்து சொல்வாள், ஏழாவது பொட்டு லேசா உரியுது அண்ணே என்று. வேறு யாருக்கும் அங்கே ஏழாவது என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நாடகத்தின் கடைசி நாள் மத்தியானம் நான் பொட்டுகளை மாற்றி ஒட்டினேன். வளைவு இல்லாமல் நேராக. குழிக்கு முன்னால் ஆறு, குழியைத் தாண்டி ஐந்து. பலகை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் இருட்டில் பார்த்தால் பதினொன்றும் ஒரே வரிசை. வெட்டி ஒட்டக் கால் மணி நேரம் ஆயிற்று. வேலை சுத்தமாக இருந்தது.

மாலை அரங்கம் நிறைந்திருந்தது. அவளுடைய அம்மா முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாம் காட்சி முடிந்தது. விளக்கை அணைத்தேன். கயிற்றை இழுத்தேன். பல் டாக்டர் முதலில் போனார், அவருடைய ஷூ சத்தம் வைத்தே தெரியும். பிறகு அவள், வெறுங்கால். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது விநாடியில் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. என் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. இருபது என்று குறிப்பில் இருந்தது. இருபது வரை இருந்துவிட்டுத்தான் போட்டேன்.

வெளிச்சம் குழியிலிருந்து வந்தது. அவளைத் தாண்டித்தானே வரவேண்டும், கொஞ்சம் கோணலாக வந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அதைக் கேட்டு இன்னும் நாற்பது ஐம்பது பேர் தட்டினார்கள். இந்த ஊரைப் பற்றி நான் இதுவரை எழுதியது மிகை என்று நீங்கள் நினைத்திருந்தால் இதை இன்னொரு தடவை படியுங்கள். முதலில் எழுந்தது அவளுடைய அம்மாதான். கை தட்டுகிறவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் ஒரு கதை சொன்னீர்கள். பல் டாக்டர் எல்லார் முன்னாலும் என்னை "லைட்டு" என்று கூப்பிடுவார், அதனால் அவரை விழவைக்கப் பார்த்தேன், அவர் தப்பித்து இந்தப் பெண் மாட்டிக்கொண்டாள் என்று. நானும் தலையாட்டினேன். ஆள் மாறிப்போன விபத்து என்றால் கேட்கிறவர்களுக்கும் ஆறுதல். நீங்கள்கூட என் தோளைத் தட்டினீர்கள். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நல்லா இருக்கு என்று சொல்கிற இந்த ஊர்ப் புத்தி எனக்கும் ஒட்டிவிட்டதோ என்று பயம் வந்தது. அதனால் திருத்தி எழுதுகிறேன்.

பல் டாக்டர் பதினான்கு ஒத்திகையில் ஒரு தடவைகூடத் தரையைப் பார்த்ததில்லை. தலை குனிந்தால் கேரக்டர் போய்விடும் என்பார். பின்திரையைக் கையால் தடவிக்கொண்டே போய்ச் சேர்வார். அவரைப் பொட்டை வைத்து விழவைக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், பதினான்கு தடவை நானே கத்தியிருக்கிறேன்.

அவள் கவனிக்கவில்லையா என்று கேட்டீர்கள். கவனித்தாள். அவள் கவனிக்காமல் இருப்பாளா. ஐந்து மணிக்கு வந்து தரையைப் பார்த்தாள், உடனே என்னிடம் வந்தாள்.

"பொட்டு மாத்தியிருக்கீங்களா அண்ணே? நேரா போகுது?"

"ஆமா. குழி லைட்டு இன்னிக்கு வேணாம்னுட்டாரு புரொஃபசர். பலகை மூடித்தான் இருக்கும். நீ சுத்த வேணாம், நேரா போயிடு."

"சரிண்ணே. நல்லவேளை சொன்னீங்க, நான்பாட்டுக்கு சுத்தியிருப்பேன்."

ஒரு தடவை நடந்தும் பார்த்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் நான் அவளிடம் என் நாடகத்தைப் படிக்கக் கொடுத்திருந்தேன். ஒன்பது வருஷம் எழுதியது. வேறு யாரிடமும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் நல்லா இருக்கு என்பார்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உண்மை பேசுகிற ஒரே ஆள் என்றுதான் அவளிடம் கொடுத்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு தடவை படிச்சேன் அண்ணே. கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நான் என்ன இந்த ஊர்க்காரனா? மனசுல பட்டதைச் சொல்லு."

பக்கங்களைக் கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒம்பது பேர் வர்றாங்க. ஆனா யாரும் பேசல. நீங்க ஒருத்தர்தான் பேசிக்கிட்டே இருக்கீங்க, எல்லாரையும் திட்டிக்கிட்டு. அதுல ஒருத்தரையாச்சும் உங்களுக்குப் புடிச்சிருக்கலாம் அண்ணே."

நியாயமான பேச்சு. நன்றி சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் அவள் தலைநகரத்துக்குப் போவாள், பெரிய ஆட்களோடு பழகுவாள், எப்போதாவது பேச்சு வரும், எங்கள் ஊரில் ஒரு லைட்டுக்காரர் இருந்தார், ஒரு நாடகம் எழுதினார் என்று சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், பாசமாகத்தான் சிரிப்பாள். அது நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான். செய்தது நான், தெரிந்து செய்தேன், அவளைக் குறிவைத்தே செய்தேன்.

என் நாடகத்தின் கைப்பிரதி விளக்கு அறை அலமாரியில் இருக்கிறது. உங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், படித்தும் பாருங்கள். இருபத்தாறாம் பக்கத்துக்குப் போங்கள். அதிலும் இரண்டாம் காட்சி முடிகிற இடத்தில் ஒரு மகள் பேசுகிறாள். நான்கு வரி. யாரும் பேசவில்லை என்று அவள் சொன்னது தவறு. அந்தப் பக்கத்தை அவள் சரியாகப் படிக்கவில்லை.