தட்டுக்கு ஒரு பொட்டு

இல்ல சார், அந்த கெஸ்ட் ஹவுஸ்ல குளிச்சவங்களை நான் நேர்ல பாக்கல. கலீல் அண்ணன் சொல்லித்தான் தெரியும். எங்க பழைய கம்பெனி சூப்பர்வைசர். பொய் சொல்ல மாட்டாரு, கொஞ்சம் மசாலா சேர்ப்பாரு. அதைக் கழிச்சிட்டே சொல்றேன்.

ஜியோதெர்மல்ல எந்தெந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர்னுதானே கேட்டீங்க? அதுக்குத்தான் வரேன். மண்ணுக்குள்ள பொதைக்கிற பைப்பே ஒரு எக்ஸ்சேஞ்சர்தான் சார். அது எடுத்துக் குடுக்குற சூட்டை ஹீட் பம்ப் இன்னும் ஏத்தும். அங்கேர்ந்து குளிக்கிற தண்ணிக்கு மாத்துறதுக்கு ஷெல் அண்ட் ட்யூப் வைக்கலாம், அது மூடின உருளைக்குள்ள குழாய்ங்க, இல்ல ப்ளேட் டைப். படப்பைல எங்க கம்பெனி பாத்துக்கிட்ட ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ப்ளேட் டைப். முப்பத்திரெண்டு ஸ்டீல் தட்டு, வரிசையா நிக்க வச்சு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். தட்டுக்கு இந்தப் பக்கம் பம்ப்போட தண்ணி, அந்தப் பக்கம் குளிக்கிற தண்ணி. ரெண்டும் கலக்காது, சூடு மட்டும் தாண்டும்.

மெட்ராஸ்ல எதுக்கு சுடுதண்ணின்னு நானும் கேட்டேன் சார். கல்யாணத்துக்கு வர்றவங்க சித்திரைலயும் கேப்பாங்கன்னு ஓனர் பக்தவச்சலம் சார் சொன்னாரு.

ஆயுத பூஜை அன்னிக்கு அந்தத் தட்டையெல்லாம் கழட்டிக் கழுவி வச்சிருந்தது. புதுசா சேர்ந்தவங்கதான் மெஷினுக்குப் பொட்டு வைக்கணும், அது எங்க கம்பெனி வழக்கம். கலீல் அண்ணன் சந்தனமும் குங்குமமும் வச்ச கிண்ணத்தைக் குடுத்து, ஒண்ணு விடாம வச்சிடுன்னு சொல்லிட்டு பொரி வாங்கப் போயிட்டாரு. திரும்பி வந்தா தட்டெல்லாம் பொட்டோட மாட்டி இறுக்கியாச்சு.

மறுநாள் அங்க ஒரு சர்ச் கல்யாணக் கூட்டம். பைப்பைத் திறந்தா ரோஸ் கலர்ல தண்ணி, சந்தன வாசனை. மாப்பிள்ளையோட அத்தை ரோஸி ரெண்டு தடவை குளிச்சாங்களாம். ஓனர் ஃபோன் போட்டு, என்னா மூலிகைப்பா இது, டெய்லி போடுங்கன்னாராம். அந்தம்மா மூணாவது தடவை தலைல ஷாம்பு போட்டப்போ ஃபில்டர் அடைச்சு தண்ணி நின்னுடுச்சு. அப்புறம் ஓனர் பேசின பேச்சை இங்க சொல்ல முடியாது சார்.

நான் எதைப் போடுவேன்னா? பூஜை போடுற ஊருக்கு ஷெல் அண்ட் ட்யூப்தான். மேல ஒரு பொட்டோட முடிஞ்சிரும்.

பொட்டு வச்சது யாரா? நாலே மாசத்துல ஏன் வேலைய விட்டேன்னு முதல்ல கேட்டீங்களே, அதான் சார் இது. இதை சொல்லாதடான்னு அம்மா சொல்லிச்சு. கேட்டுக்கு வெளிய நிக்குது, எங்க வீட்ல டிகிரி முடிச்சது நான் ஒருத்தன்தான். இந்த வேலை கெடைக்கணும். ஆனா பொய் சொல்லி சேர்ந்தா எனக்குத் தூக்கம் வராது.

இன்னொண்ணு. எல்லாத் தட்டுக்கும் வச்சேன்னு மன்னிப்பு லெட்டர்ல எழுதிக் குடுத்துட்டேன். அப்புறம் கழட்டி சுத்தம் பண்ணும்போது கறைய எண்ணிப் பாத்தேன். முப்பத்தொண்ணுதான் சார். ஒண்ணு விட்டுப்போச்சு.